முதல் நெடுந்தூரக் கடல் நீச்சல்: வள்ளத்தில் இருப்பவருக்கும் பயிற்சி வேண்டும்

உச்சிப்புளி பக்கத்திலிருந்து 38 வயது பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். சிறு வயதில் ஊர்க் கண்மாயில் நீந்தப் பழகியவர். இரண்டு ஆண்டுகளாக ராமநாதபுரத்தில் நீச்சல்குளத்துக்குச் சென்று முறையாகக் கற்றிருக்கிறார். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 2 கிலோமீட்டர், அதை 56 நிமிடத்தில் நிற்காமல் முடிக்கிறார். வரும் மார்ச் மாதம் அரியமான் கடற்கரையில் தொடங்கி, கரையை ஒட்டியே ஆற்றங்கரை திசையில் 10 கிலோமீட்டர் நீந்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிற்காலத்தில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும் நீந்த வேண்டும் என்ற கனவு உண்டு. எப்படிப் பயிற்சி செய்வது, நீரில் இருக்கும்போது என்ன சாப்பிடுவது, சொறி (ஜெல்லிமீன்) பட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். சென்ற மாதம் கடலில் முதன்முறையாக நீந்தியபோது, 600 மீட்டர் தாண்டியதும் அடி தெரியாத கலங்கல் நீரில் திடீரென மூச்சு அடைத்துப் பதறிப் போய்த் திரும்பிவிட்டதாகவும், தாயார் அதைக் கேட்டதிலிருந்து கடல் பக்கமே போகக் கூடாது என்று சொல்வதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். “கொழுந்தனாருக்குச் சொந்தமாக வள்ளம் இருக்கிறது, அவர் கூட வருவார்” என்று கடைசியில் ஒரு வரி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீந்துவதைப் பற்றி மூன்று பக்கங்களும் கொழுந்தனாரைப் பற்றி ஒரு வரியும் இருக்கின்றன. என் பதிலில் ஏறக்குறையப் பாதி அவரைப் பற்றியதாக இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் பல ஆண்டுகளாகக் கடல் நீச்சலுக்கு ஆட்களைத் தயார்செய்து வருபவன் என்ற முறையில் நான் உறுதியாக நம்புவது இது: நெடுந்தூரம் நீந்துகிறவருடைய கைகள் சோர்வதற்கு முன்பே அவருடைய நிதானம் சோர்ந்துவிடுகிறது. ஆகவே, எப்போது நிறுத்துவது என்ற முடிவை நீரில் இறங்குவதற்கு முன்பே வள்ளத்தில் இருப்பவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதை ஏற்று நடத்தும் அளவுக்கு அவரையும் தயார்செய்ய வேண்டும்.

முதலில் தூரத்தைப் பற்றி. குளத்தில் உங்களுக்குக் கிலோமீட்டருக்கு 28 நிமிடம் ஆகிறது. கடலில் சுவரைத் தள்ளித் திரும்பும் வசதி கிடையாது. திசை பார்க்கத் தலையைத் தூக்க வேண்டும், அலை குறுக்கே வரும். எனவே 32 நிமிடம் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. அப்படியானால் 10 கிலோமீட்டருக்கு ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் நின்று குடிக்கும் நேரத்தையும் சேர்த்தால், காலை 6 மணிக்கு இறங்கினாலும் கரையேற 11.30 தாண்டிவிடும். நம் கரையில் மார்ச் மாதத்தில் விடியற்காலைக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தாலும், வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழும்பி, முற்பகலிலேயே நீர் முகத்தில் அறையத் தொடங்கிவிடும் என்பது உங்கள் வீட்டாருக்குத் தெரிந்ததுதான். ஆக, உங்கள் பயணத்தின் மிகக் கடினமான பகுதி, நீங்கள் மிகவும் களைத்திருக்கும் நேரத்தில், உச்சி வெயிலோடு சேர்ந்து வரும். முதல் முயற்சிக்கு இது வேண்டாம். 5 கிலோமீட்டர் வையுங்கள். 6 மணிக்கு இறங்கினால் 9 மணிக்குள் கரையேறிவிடலாம். 10 கிலோமீட்டரை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டு நீங்கள் ஏமாற்றமடையக் கூடும். ஆனாலும் வாழ்நாளில் 600 மீட்டருக்கு மேல் கடலில் நீந்தியிராத ஒருவருக்கு 5 கிலோமீட்டர் என்பது சிறிய தூரமே அன்று.

காலத்தைப் பற்றி உங்கள் தேர்வு சரியானது. பாக் விரிகுடாப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் நம் மக்கள் அழைத்தாலும், வாடைக் காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இந்தப் பெண்கடல்தான் குமுறும். தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது இது ஓரளவு அடங்கியிருக்கும். வாடை ஓய்ந்த பிறகு, பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதி வரையுள்ள காலமே உங்களுக்கு ஏற்றது. ஏப்ரல், மே மாதங்களில் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் நீரின் வெப்பம் ஏறிவிடுவதால் அதைத் தவிர்க்கச் சொல்வேன்.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். நெடுந்தூர நீச்சல் பற்றிக் கிடைக்கும் நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் ஆங்கிலக் கால்வாய் போன்ற குளிர்ந்த கடல்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. உடலில் கொழுப்பைக் கூட்டு, குளிருக்குப் பழகு என்று அவை சொல்லும். அவற்றைப் படித்துவிட்டு நம் கடலில் இறங்குகிறவர்கள், எதிரியே வேறு என்பதை அறியாமல் இறங்குகிறார்கள். நீந்தும்போது தசைகள் ஓயாமல் வெப்பத்தை உண்டாக்குகின்றன. நிலத்தில் ஓடினால் வியர்வை உலர்ந்து உடலைக் குளிர்விக்கும். நீருக்குள்ளும் வியர்க்கத்தான் செய்கிறது, ஆனால் அந்த வியர்வை உலர வழியில்லை. சுற்றியுள்ள நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் உடலின் வெப்பம் வெளியேறுவது மிகவும் குறைந்துபோகிறது. முகத்தில் நீர் பட்டுக்கொண்டே இருப்பதால், தான் சூடேறிக்கொண்டிருப்பது நீந்துகிறவருக்குத் தெரிவதில்லை. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் வெதுவெதுப்பான கடலில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில், ஃபிரான் கிரிப்பன் என்ற 26 வயது அமெரிக்க வீரர் உயிரிழந்தார். உலகத் தரத்தில் நீந்திக்கொண்டிருந்தவர் அவர். அவர் மூழ்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. மற்றவர்கள் கரையேறிய பிறகுதான் அவர் வரவில்லை என்பதே தெரிந்தது. அதன் பின்னர்தான் திறந்த நீர்ப் போட்டிகளுக்கு நீரின் வெப்பம் 31 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மேல்வரம்பு சர்வதேச விதிகளில் சேர்ந்தது. நான் பயிற்சி தரும் முதல் முறை நீச்சலர்களுக்கு 30 டிகிரியோடு நிறுத்திக்கொள்வேன். நீரில் வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி வள்ளத்தில் கட்டிவையுங்கள். விலை அதிகம் இல்லை.

இனி கொழுந்தனாருக்கு வருகிறேன். அவர் கடலை அறிந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மீன்பிடிக்க வள்ளம் ஓட்டுவதும், நீந்துகிறவருக்குத் துணையாக வள்ளம் ஓட்டுவதும் வெவ்வேறு தொழில்கள். அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் கைவீச்சை எண்ணுவது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை உங்கள் கைகள் நீரில் இறங்குகின்றன என்பதை, பயிற்சி நாட்களிலேயே அவர் எண்ணிப் பழக வேண்டும். உங்களுக்கு இயல்பாக நிமிடத்துக்கு 54 என்று வைத்துக்கொள்வோம். பயண நாளில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணி ஒரு நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொண்டே வர வேண்டும். 54, 53, 54, 52 என்று போனால் கவலையில்லை. 48, 45 என்று அடுத்தடுத்து இறங்கினால் உங்களை நிறுத்திப் பேச்சுக் கொடுக்க வேண்டும். “நல்லா இருக்கீங்களா” என்று கேட்பதில் பயனில்லை. அதற்கு எல்லோருமே நல்லா இருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். உங்கள் பிள்ளைகளின் பிறந்த தேதி என்ன, கடைசியாக எப்போது கஞ்சி குடித்தீர்கள், இன்று என்ன கிழமை என்று கேட்க வேண்டும். பதில் தடுமாறினால், தாமதமானால், எரிச்சலாக வந்தால் உங்களை வெளியே எடுத்துவிட வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்து. பல ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் மாதத்தில் என் மாணவர் ஒருவரை ராமேசுவரம் தீவின் வடகரையில் நீந்தவிட்டேன். மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அவர் நேர்கோட்டை விட்டு இடப்பக்கமாக விலகி விலகிப் போவதை நான் கண்டேன். நீரோட்டம் இழுக்கிறது என்று நினைத்தேன். குரல் கொடுத்தபோது கையைத் தூக்கி நன்றாக இருப்பதாகச் சைகை காட்டினார். இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே என்று நானும் விட்டுவிட்டேன். வள்ளத்தை ஓட்டிக்கொண்டிருந்த தங்கச்சிமடத்துப் பெரியவர் எஞ்சினை அணைத்தார். “வாத்தியாரே, அந்தப் பையன் இப்ப நீந்தல, கைய மட்டும் போடுறான்” என்றார். என் அனுமதியைக் கேட்காமலே இறங்கி அவரைப் பிடித்தார். தூக்கிப் போட்டபோது உடல் கொதித்துக்கொண்டிருந்தது. தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மாணவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நிழலில் கிடத்தி, நனைத்த துணியால் போர்த்தி, ஓயாமல் விசிறி, கரைக்கு வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு நாளில் தேறிவிட்டார். நான் தேற நெடுநாள் ஆயிற்று. அந்தப் பெரியவர் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றைக்கும் என்னை விடவில்லை.

ஆகவே உங்கள் இருவருக்கும் இடையில் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருக்கட்டும். கைவீச்சு இரண்டு முறை தொடர்ந்து ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, கேட்ட கேள்விக்குத் தவறான பதில் வந்தாலோ, இடி கேட்டாலோ, அலைகளின் தலை நுரைத்து உடையும் அளவுக்குக் காற்று எழும்பினாலோ, அவர் கை காட்டினால் நீங்கள் ஏற வேண்டும். நீரில் விவாதம் கூடாது. நீங்கள் அவருக்கு அண்ணி, வயதிலும் படிப்பிலும் மூத்தவர். உங்களைப் பார்த்து “ஏறுங்கள்” என்று சொல்ல அவருக்கு இயல்பாகவே தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தை முன்கூட்டியே போக்க வேண்டியவர் நீங்கள்தான். வீட்டார் அனைவரும் இருக்கும்போது, “அன்றைக்குக் கடலில் உங்கள் சொல்தான் முடிவு” என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு பயிற்சி நாளில், நீங்கள் எவ்விதச் சிரமமும் இல்லாமல் நீந்திக்கொண்டிருக்கும்போதே, அவர் திடீரென ஏறச் சொல்லட்டும். நீங்கள் மறுபேச்சில்லாமல் ஏறுங்கள்.

ஏறுவது என்றதும் இன்னொன்று. வள்ளத்தின் விளிம்பு நீர்மட்டத்திலிருந்து உயரமாக இருக்கும். களைத்துப்போன ஒருவரால் தானாக ஏற முடியாது, ஒரே ஆளால் அவரைத் தூக்கவும் முடியாது. இடுப்பளவு நீரில் ஒரு முறை, ஆழத்தில் இரண்டு முறை, நீங்கள் கை கால்களைத் தளர்த்திக் கிடக்க, அவர்கள் உங்களைத் தூக்கிப் போடும் ஒத்திகையைச் செய்து பாருங்கள். கயிற்று ஏணி ஒன்று கட்டாயம் வேண்டும். வள்ளத்தில் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் நீந்தத் தெரிந்தவராகவும் மார்பு அழுத்தி உயிர்மூச்சு கொடுக்கும் முதலுதவி பயின்றவராகவும் இருக்க வேண்டும். நீங்கள் பத்து மீட்டருக்குள் இருக்கும்போது எஞ்சின் ஓடக் கூடாது, விசிறி பட்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. முடிந்தால் துடுப்பால் செலுத்தும் சிறிய படகு ஒன்றை உங்கள் அருகிலும், வள்ளத்தை முப்பது நாற்பது மீட்டர் தள்ளியும் வைத்துக்கொள்வது மிகவும் நல்லது. எஞ்சின் புகை உங்கள் முகத்துக்கு வராதபடி காற்றைப் பார்த்து வள்ளம் நிற்க வேண்டும், ஒரு மணி நேரம் அந்தப் புகையைச் சுவாசித்தாலே குமட்டும்.

அவருடைய கடல் அறிவு உங்களுக்குப் பெரும் பயன் தரும் இடமும் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதை இப்போதே முடிவு செய்யாதீர்கள். அன்றைய நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, அதோடு போகும்படி தொடங்கும் இடத்தை அவர் சொல்லட்டும். எங்கெங்கே நண்டு வலை கிடக்கிறது, யாருடைய மிதவை எது என்பதும் அவருக்குத்தான் தெரியும். முதல் நாள் மாலை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களிடம் அவர் பேசிவிட வேண்டும். நம் மாவட்டத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் நான்கு நாளும் கடலுக்குப் போவது நெடுங்கால ஏற்பாடு என்பதால், எந்த நாளில் நீந்தினால் நடமாட்டம் குறைவாக இருக்கும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன். ஆற்றங்கரையில் வைகை கடலில் சேரும் முகத்துவாரத்தை முடிவிடமாக வைக்காதீர்கள். ஆற்று வாயில் நீர் கலங்கலாகவும் ஓட்டம் மாறுவதாகவும் இருக்கும். அதற்கு வெகுமுன்பே மணற்கரை உள்ள இடத்தில் ஏறிவிடுங்கள்.

இப்போது உங்களுக்கு நேர்ந்த மூச்சடைப்பு. அது கோழைத்தனம் அன்று, உடல் இயங்கும் விதத்தால் வந்தது. குளத்தில் அடியிலுள்ள கறுப்புக் கோட்டைப் பார்த்தே நீந்திப் பழகிய கண்ணுக்குக் கலங்கல் நீரில் பிடிமானம் இல்லாமல் போகிறது. உடனே தலை மேலே தூக்குகிறது, கால் தாழ்கிறது, கால் தாழ்ந்ததால் இன்னும் வேகமாக உதைக்கிறீர்கள். இதற்கிடையில் மூச்சை முழுவதுமாக வெளியே விட மறந்துவிடுகிறீர்கள். பழைய காற்று உள்ளே தங்கும்போது கரியமில வாயு கூடுகிறது, மூச்சுத் திணறுவதுபோல் தோன்றுவது அதனால்தான். எனவே காற்றை இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் விடுவதைப் பழகுங்கள். முகம் நீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் மூக்காலும் வாயாலும் சீராகக் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குளத்தில் ஒவ்வொரு நாளும் பயிற்சியின் நடுவே, வேகமாக நூறு மீட்டர் நீந்தி மூச்சிரைக்கும் நிலையில், மல்லாந்து நூறு எண்ணும் வரை அசையாமல் மிதந்துவிட்டு, பிறகு சுவரைத் தொடாமலே மீண்டும் நீந்தத் தொடங்குங்கள். பதற்றம் வந்தால் மல்லாந்துவிடலாம் என்பது உடம்பில் ஊறிவிட்டால், பதற்றம் வருவதே அரிதாகிவிடும். உப்பு நீர் கண்மாய் நீரைவிடத் தாங்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாக் விரிகுடா பெரும்பாலும் ஐந்தாறு பாகத்துக்கு (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) மேல் ஆழமில்லாத கடல், நீங்கள் போகும் கரையோரத்தில் அதுவும் இருக்காது. ஆழம் கூடினாலும் குறைந்தாலும் மிதப்பது ஒன்றுதான் என்றாலும், இந்தச் செய்தி உங்கள் தாயாருக்கு ஆறுதலாக இருக்கக் கூடும்.

ஆனால் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். மல்லாந்து மிதந்த பிறகும் மூச்சுத் திணறல் அடங்காமல், இருமல் வந்து, மார்பில் கரகரவென்று ஓசை கேட்டாலோ, எச்சிலில் இளஞ்சிவப்பு நுரை தெரிந்தாலோ, அது பதற்றம் அன்று. நீந்தும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஒரு நிலை உண்டு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதன் வாய்ப்புக் கூடுதல். உடனே வெளியேறி, படுக்காமல் உட்கார்ந்த நிலையிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இப்போதே மருத்துவரிடம் சென்று இரத்த அழுத்தம், இருதயத் துடிப்பு வரைபடம், சர்க்கரை, இரத்தச் சோகை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தச் சோகை நம் பெண்களிடம் மிகப் பரவலாக இருப்பதால் அதைக் குறிப்பாகக் கேளுங்கள். சோகையோடு தூரத்தைக் கூட்டுவது வீண் முயற்சி.

பயிற்சி அட்டவணை எளிமையானது. இப்போது வாரத்துக்கு 6 கிலோமீட்டர் நீந்துகிறீர்கள். அதைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வாரத்தில் கூட்டாமல், மூன்று வாரம் கூட்டி நான்காம் வாரம் குறைத்து, பிப்ரவரித் தொடக்கத்தில் 14 கிலோமீட்டர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். வாடை மாதங்களில் முழுவதும் குளத்தில்தான். டிசம்பர் முடிவதற்குள் ஒரு நாளாவது 4 கிலோமீட்டரை நிற்காமல் நீந்தியிருக்க வேண்டும். ஜனவரிக் கடைசியில் கடல் அடங்கியதும் ஞாயிறுதோறும் கடலுக்கு வாருங்கள், கரைக்கு இணையாக ஒன்றரை, இரண்டு, மூன்று, நான்கு கிலோமீட்டர் என்று. நான்கு கிலோமீட்டர் நாளுக்கும் பயண நாளுக்கும் இடையே இரண்டு வாரம் இருக்கட்டும், கடைசிப் பத்து நாளில் தூரத்தைப் பாதியாக்கிவிடுங்கள். தோளின் முன்பக்கத்தில் வலி வந்தால் அன்றே நிறுத்த வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு நீந்திய தோள் மாதக்கணக்கில் பழிவாங்கும். இரண்டு பக்கமும் மூச்சு எடுக்கப் பழகுங்கள், அலை ஒரு பக்கத்திலிருந்து வரும்போது மறுபக்கம் வேண்டியிருக்கும். எட்டு முதல் பத்து வீச்சுக்கு ஒரு முறை, முதலைபோலக் கண் மட்டும் நீருக்கு மேலே வரும்படி முன்னே பார்த்துவிட்டு, மூச்சைப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும்.

உணவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டுப் பொடிகள் எதுவும் தேவையில்லை. நன்றாக வேகவைத்து வடிகட்டிய நீர்த்த கஞ்சியில் பனங்கற்கண்டும் சிறிது உப்பும் சேர்த்தால் போதும். 45 நிமிடத்தில் முதல் முறை, பிறகு அரை மணிக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 200 மில்லி. கயிறு கட்டிய பாட்டிலை அவர்கள் வீச, நீங்கள் மல்லாந்து குடித்துவிட்டு விட்டுவிட வேண்டும், ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. இளநீரை மட்டும் நம்ப வேண்டாம். அதில் பொட்டாசியம் நிறைய உண்டு, வியர்வையில் நீங்கள் இழக்கும் சோடியமோ அதில் குறைவு, ஆகவே உப்புச் சேர்த்தே குடிக்க வேண்டும். தாகத்துக்குப் பயந்து வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து மயக்கம் வரும். கடைசியில் வாய் கொப்புளிக்க மட்டும் நல்ல தண்ணீர் இருக்கட்டும். உப்பு நீரால் நாக்கு தடித்துப்போகும்போது அது ஒரு வரம்.

சொறி பட்டால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். இரண்டுமே ஒட்டியிருக்கும் கொட்டும் உயிரணுக்களை மேலும் வெடிக்கச் செய்யும். கடல்நீரால் கழுவி, இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தால் வலி தணியும். அதற்காக வள்ளத்தில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருக்க வேண்டும். மூச்சுத் திணறலோ மார்பு வலியோ உடல் முழுவதும் தடிப்போ வந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. முழங்கை, முழங்கால் வரை மூடும் மெல்லிய நீச்சலுடை அணிவது வெயிலுக்கும் சொறிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. நீங்கள் எந்தச் சாதனைக்கும் நீந்தவில்லை என்பதால் உடை விதிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அக்குள், கழுத்து, உடையின் தையல் படும் இடங்களில் வாஸ்லின் தடவுங்கள். கண்ணாடியைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் பளிச்சென்ற நிற மிதவைப் பையும், அதே நிறத் தொப்பியும் கட்டாயம்.

பயணத் திட்டத்தை ஒரு வாரத்துக்கு முன்பே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் காவல் நிலையத்திலும் மீன்வளத் துறையிலும் எழுதிக் கொடுத்து, அவர்கள் சொல்லும் அனுமதிகளைப் பெற்றுவிடுங்கள். இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக்கான 1093, ஆம்புலன்சின் 108 ஆகிய எண்களை வள்ளத்தின் உட்பக்கத்தில் பெயின்ட்டாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் செல்போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தலைமன்னார் கனவைப் பற்றி ஒரு வார்த்தை. 1966 ஏப்ரலில் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியபோது அவருக்கு 25 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 2022 மார்ச்சில் ஜியா ராய் என்ற 13 வயதுச் சிறுமி ஏறத்தாழ 29 கிலோமீட்டர் உள்ள அதே வழியை 13 மணி 10 நிமிடத்தில் கடந்தார். சென்னுக்கு இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணைக்குச் சென்றன. பெயர் ஒருவருடையது என்றாலும் அந்த நீரில் தனியாக ஒருவரும் இருந்ததில்லை. பாம்பன் சின்னப்பாலத்துப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மணிக்கணக்கில் மூழ்கி எழுகிறவர்கள். அவ்வளவு பழக்கம் உள்ளவர்களும் கூட்டமாகத்தான் போகிறார்கள். ஒருவர் எழ நேரமானால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். இரு நாட்டு அனுமதியும் பெரும் ஏற்பாடும் தேவைப்படும் அந்தப் பயணத்தைப் பற்றி, நீங்கள் 10 கிலோமீட்டரைச் சிரமமின்றி முடித்த பிறகு எழுதுங்கள், விரிவாகப் பேசுவோம்.

உங்கள் தாயாரை மறுத்துப் பேச வேண்டாம். கைவீச்சு எண்ணும் ஒத்திகையையும், உங்களை வள்ளத்தில் தூக்கிப் போடும் ஒத்திகையையும் அவர் கரையில் உட்கார்ந்து ஒரு முறை பார்க்கட்டும். எத்தனை பேர் எப்படிக் காக்கிறார்கள் என்று கண்ணால் கண்ட பிறகும் அவர் வேண்டாம் என்றால், அவர் சொல்லும் காரணத்தைக் கேட்டு எனக்கு எழுதுங்கள், அதில் நாம் கவனிக்கத் தவறியது ஏதேனும் இருக்கக் கூடும். பயண நாளில் முடிவிடத்தில் குடையோடும் துண்டோடும் அவர் இருப்பது நல்லது. மூன்று மணி நேரம் கிடைநிலையில் இருந்த உடல் சட்டென்று நிமிர்ந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். ஆகவே முழங்கால் ஆழத்துக்கு வந்ததும் எழுந்து ஓடாதீர்கள், கடற்புல் மேட்டில் அப்படியே உட்கார்ந்து இருபது முப்பது மூச்சு விட்டுவிட்டு, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வாருங்கள். நிழலில் உட்கார்ந்த பிறகும் கொழுந்தனார் ஒரு மணி நேரம் உங்களை விட்டு நகரக் கூடாது. பிள்ளைகளின் பிறந்த தேதியை அவர் இன்னும் இரண்டு முறை கேட்கட்டும்.